சிவப்பு நாணயத்துக்கு மேலே

வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமையானாலும் ஒரு மனிதன் நிம்மதியாகப் பேப்பர் படிக்க முடியாது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் தொடர்மாடி எழும்புகிறது. கலவை மெஷின் காலையிலேயே தொண்டையைச் செருமத் தொடங்கிவிடும். அன்று ஒரு டிப்பர் பின்பக்கமாக வந்து, எங்கள் மதிலை ஒட்டி மணலைக் கொட்டிவிட்டுப் போனது. பல்கனியிலிருந்து நான் வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். என் மனைவி அனுஷியா தேநீர்க் கோப்பையோடு வெளியே போனாள். கோப்பை விழுந்து உடையும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், செருப்புக்கூடப் போடாமல் அவள் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

மணல் குவியலிலிருந்து நீல வலைத்துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நான் கண்டது அவ்வளவுதான்.

கீழே தலைமைக் கொத்தனார் மேசன் பாஸ் கம்பிவலையைச் சாய்த்து வைத்துப் பூச்சுக்கு மணல் அரித்துக்கொண்டிருந்தார். அனுஷியா சிங்களத்தில் நிறுத்தச் சொன்னாள். அவர் நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்ற வேலையாள் மண்வெட்டியைக் குவியலில் போடக் கையை ஓங்கினான். அவள் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துத் திருகினாள். அவன் குனிந்து முழங்காலில் விழுந்தான். நான் போய்ச் சேர்வதற்குள் மண்வெட்டி அவள் கையில் இருந்தது, மேசன் பாஸ் மதிலோடு மதிலாக ஒட்டி நின்றார்.

"சேர், மிஸ்ஸிஸுக்கு என்ன நடந்தீக்கி?" என்று ஸாலிஹ் ஓடிவந்தார். அந்தக் கட்டிடத்தின் மேற்பார்வையாளர் அவர். தினமும் எனக்குச் சலாம் சொல்லுகிற நல்ல மனிதர்.

 அனுஷியா கம்பிவலையின் அடியில் ஒதுங்கிக் கிடந்த கற்களுக்குள் கையை விட்டுத் துழாவி, ஒன்றை எடுத்துத் தன் வீட்டுச் சட்டையில் துடைத்தாள். ஐந்து ரூபாய் நாணயம். ஒரு பக்கம் முழுக்கச் சிவப்புக் கியூடெக்ஸ் பூசி, அது அங்கங்கே உரிந்திருந்தது.

அந்தக் கியூடெக்ஸ் எங்கள் வீட்டுக் கண்ணாடி மேசையில் இருக்கிறது. என் மனைவி ஒருநாளும் நகத்துக்குப் பூசியதில்லை.

என் பெயர் தயாபரன். இன்சூரன்ஸ் கம்பனியில் விபத்துக் கேஸ்களைப் பார்த்து, மனிதர்களின் பொய்களைக் கேட்டுக் கேட்டு ஓய்வு பெற்றவன். அனுஷியா தொல்பொருள் ஆய்வாளர். மன்னாருக்குத் தெற்கே, முள்ளும் உடைமரமும் தவிர வேறொன்றும் முளைக்காத வெளியில் பாலையாறு என்று ஒன்று இருக்கிறது. மாரியில் கொஞ்ச நாள் தண்ணீர் ஓடும். மற்றக் காலமெல்லாம் வெறும் மணல். அந்த மணல் கரையில், யாரோ எந்தக் காலத்திலோ தங்கள் செத்தவர்களைப் பெரிய தாழிகளில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். என் மனைவியின் உத்தியோகம் முழுவதும் அந்த ஆற்றங்கரையைக் காப்பதிலேயே போனது. அவள் தோண்டியதைவிட மூடியதுதான் அதிகம். "தோண்டுறதுக்கு ஆயிரம் பேர் இருக்கினம். மூடுறதுக்கு நான் ஒருத்திதான்" என்பாள். எனக்கு வாய்த்த சக்களத்தி ஓர் ஆறு, அதிலும் தண்ணீரில்லாத ஆறு.

அந்த ஆறு அவளை அடித்த அடி கொஞ்சமில்லை. புதையல் தேடுகிறவர்கள் அவளுடைய ஜீப்பின் கண்ணாடியை உடைத்து, அறுத்த சேவலின் தலையை இருக்கையில் வைத்துவிட்டுப் போனார்கள். மணல்காரர்கள் லொறியை அவள் மேலேயே விட்டார்கள். அவள் பாய்ந்து தப்பியபோது இடது கையின் இரண்டு விரல்கள் நசுங்கின. அதற்குப் பிறகு நான் போட்ட மோதிரம் அந்த விரலில் ஏறவில்லை, சங்கிலியில் கோத்துப் போட்டிருக்கிறாள். வேலையை விடு என்று நான் கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். அவள் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அந்த நாணயம், அவள் பேச்சில் 'குத்தி', அவள் தொழிலின் வழக்கம். ஒரு குழியை ஆராய்ந்து முடித்து மூடும்போது, அடித்தளத்தில் நீல வலையை விரித்து, அதன்மேல் அந்த வருடத்து நாணயம் ஒன்றைப் போட்டுவிட்டு மண்ணை நிரப்புவாள். கைதவறி விழுந்த காசு என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காகத்தான் சிவப்புப் பூச்சு. கல்யாணமான புதிதில் என்னை அங்கே கூட்டிப்போய், மற்றப் பெண்கள் கடற்கரையைக் காட்டுகிற மாதிரி ஒரு குழியைக் காட்டி விளங்கப்படுத்தினாள். "குத்திக்குக் கீழ இருக்கிறது ஒருத்தரும் தொடாதது. குத்திக்கு மேல இருக்கிறதெல்லாம் எங்களுக்குப் பிறகு வந்தது. நாளைக்குத் தோண்டுறவனுக்கு இது போதும்" என்றாள். எனக்கு அன்று வெயிலில் தலையிடி.

இப்போது அந்த நாணயம் வெள்ளவத்தை ஒழுங்கையில் அவள் உள்ளங்கையில் கிடந்தது. அவள் மறுபடியும் குனிந்து, ஒரு களிமண் கட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். நீல வலையின் நூல்கள் அதில் ஒட்டியிருந்தன. கட்டியின் ஒரு விளிம்பில் மூன்று பற்கள் தெரிந்தன. பூச்சுவேலைப் பையன்கள் எல்லோரும் பின்வாங்கினார்கள்.

"தாடை. பல்லுத் தேஞ்ச தேய்ச்சலைப் பாருங்கோ. கல்லில அரைச்ச மாவைத் திண்ட பழைய ஆக்கள்ற பல்லு" என்றாள். கட்டியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "குத்திக்கும் கீழ போயிட்டாங்கள். தாழியளுக்குள்ள கைவைச்சிட்டாங்கள்."

மணல் எங்கிருந்து வந்தது என்று ஸாலிஹிடம் கேட்டேன். "கொட்டாஞ்சேன றேமண்ட் யாட்ல இருந்து சேர். அதுக்கு முந்தி எங்கேந்து வார எண்டு எனக்குத் தெரியா, அல்லா மேல ஆண" என்றார்.

அனுஷியா நாணயத்தை மூடிப் பிடித்தாள். "அந்தக் குழி எங்க இருக்கெண்டு தெரிஞ்சது ரெண்டு பேருக்குத்தான். ஒண்டு நான். மற்றது புஷ்பராஜ்."

புஷ்பராஜ் அந்த இடத்தின் காவலாளி. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் கூலிவேலை செய்து, பிறகு அவளிடம் வேலைக்குச் சேர்ந்தவன். ஒருமுறை புதையல்காரன் ஒருவன் மண்வெட்டிப் பிடியை அவள் தலைக்கு ஓங்கியபோது, புஷ்பராஜ் நடுவில் வந்தான். அடி அவன் முகத்தில் இறங்கியது. கீழ்த்தாடை இரண்டாகப் போனது. களுபோவில ஆஸ்பத்திரியில் தகடு வைத்து ஆணி பூட்டினார்கள். சுகமாகும்வரை எங்கள் முன்னறையில்தான் படுத்திருந்தான். நான் சூப் காய்ச்சிக் கொடுக்க, குழாயால் உறிஞ்சுவான். எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கடித்த பல்லைத் திறக்காமலே கேட்டான்: "சேர், இந்தத் தகடு துருப் புடிக்காதுங்களா?" நான், "புஷ்பராஜ், நீ துருப்பிடிச்சாலும் அது பிடியாது" என்றேன். வலியோடு சிரித்தான். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும்.

அனுஷியா ஓய்வு பெற்ற பிறகும் அவன் ஆற்றங்கரையிலேயே இருந்தான். போன மாரிக்குச் சற்று முன், அவனுடைய போன் வேலை செய்யாமல் போனது. நாங்கள் போய்ப் பார்த்தோம். குடிசை திறந்து கிடந்தது. சைக்கிள் இல்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதினோம். ஆள் வெளிநாட்டுக்குப் போயிருப்பான் என்றார்கள். அதன் பிறகு மழை வந்து தடயம் எல்லாவற்றையும் கொண்டுபோனது.

"வித்துப்போட்டான்" என்றாள் அனுஷியா. படியேறும்போது ஒவ்வொரு படியிலும் அதையே சொன்னாள். கீழே அந்த மணலில் பூச்சுவேலை மறுபடியும் தொடங்கியதை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

கட்டியைக் குழாயடியில் கழுவலாம் என்று நான் கையை நீட்டினேன். சுள்ளென்று என் கையில் ஒன்று போட்டாள். பழைய எலும்பில் தண்ணீர் படக்கூடாதாம், வெடித்துவிடுமாம். நிழலில் தானாகக் காய வேண்டும், ஒரு கிழமையாவது ஆகும், அதற்குப் பிறகுதான் பிரஷ் போடலாம். சுளகில் பேப்பரை விரித்து, பல்கனி நிழலில் வைத்தாள். நானும் அதைத் தாண்டித் தாண்டி உடுப்புக் காயப்போட்டேன்.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். நேரே றேமண்டின் யாட்டுக்கு, மணலைக் குவித்து வைத்து விற்கிற இடத்துக்கு, போகலாம் என்றேன் நான். அவளோ முதலில் புஷ்பராஜின் மனைவியைப் பார்க்க வேண்டும் என்றாள். நாகமணி, தேவாலயத்துக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருந்துகொண்டு சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவள். எங்களைக் கண்டதும் இடியப்ப உரலும் மாவுக்கையுமாக எழும்பினாள்.

"வாங்க மேடம், வாங்க சேர். அவருகிட்டருந்து தகவல் ஏதும் வந்துச்சுங்களா?"

அனுஷியா உட்காரவில்லை. நாணயத்தை இடியப்பத் தட்டின்மேல் வைத்தாள்.

"இது பாலையாத்தில, மண்ணுக்கடியில கிடந்தது. நேற்று என்ற வீட்டு வாசலில கிடக்குது. உம்மட மனுசன் எங்க?"

"தெரிஞ்சா நான் ஏன் ஒங்ககிட்ட கேக்கப் போறேன்?"

"எனக்குத் தெரியும். இடத்தைக் காட்டிக் குடுத்துப்போட்டு ஓடியிருக்கிறான்."

நாகமணி ஓரடி முன்னுக்கு வந்தாள். "அவரு அப்புடிப்பட்ட ஆளு இல்லீங்க. ஒங்களுக்காகத் தாடை ஒடஞ்ச மனுசன்."

"அந்தத் தாடைக்குத்தான் இப்ப விலை எடுத்திருக்கிறான்."

என் மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை, அனுஷியா மனம் கெட்டவள் அல்ல. ஆனால் அன்று அவள் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தைக்கு நானே அடித்திருப்பேன். நாகமணி முந்திக்கொண்டாள். கையிலிருந்த இடியப்ப உரலை, அந்தப் பாரமான மரத்தோடு, அப்படியே வீசி நெற்றியில் அடித்தாள். அனுஷியா சுவரில் மோதி நின்றாள். புருவத்துக்கு மேலே பிளந்து, இரத்தம் கண்ணை மூடியது. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கிய கையை நான் பிடித்தேன். அவள் என்னைத் தள்ளவில்லை. உரல் தானாகக் கீழே விழுந்தது.

"அவரு செத்திருந்தா செத்துட்டாருன்னு சொல்லுங்க மேடம்" என்றாள் மூச்சு வாங்கியபடி. "தாங்கிக்கிறேன். திருடன்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்கு மிச்சம் இருக்கிறது அவரு பேரு ஒண்ணுதான்."

அனுஷியா நாணயத்தை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நெற்றியில் என் கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "யாட்" என்றாள்.

றேமண்டின் யாட் துறைமுகப் பக்கம் போகிற தெருவில் இருந்தது. றேமண்டுக்கு வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவை, மிக மெதுவான பேச்சு. இப்படிப்பட்ட ஆட்களை எனக்குத் தொழிலில் நன்றாகத் தெரியும். கத்துகிறவனிடம் பயமில்லை.

"உக்காருங்க மேடம். நெத்தியில ரத்தம் வருது. தம்பி, சோடா கொண்டுவா."

"பாலையாற்று மணலை ஆர் உங்களுக்கு அள்ளச் சொன்னது?" என்றாள் அனுஷியா.

"நீங்க வெச்ச வோச்சர்தான். புஷ்பராஜ். அவன்தான் வந்து இடத்த காட்டினான். பங்க வாங்கிட்டு கட்டாருக்குப் போயிட்டான். நான் என்ன செய்றது?"

அனுஷியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டீர்களா என்ற பார்வை. நான் கேட்டது வேறு. நாங்கள் புஷ்பராஜின் பெயரை எடுக்கவேயில்லை. கேள்வி வருமுன்பே பதிலை வைத்திருக்கிறவன் ஒரு கேஸில் என்ன செய்திருப்பான் என்று எனக்கு அனுபவம் உண்டு. எழும்பிப் போவோம் என்று அவள் கையைத் தொட்டேன். அவள் அதற்குள் குவியல்களின் பக்கம் போய், போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கிவிட்டாள்.

ஒருவன் வந்து போனைப் பறித்தான். அவள் அவன் புறங்கையைக் கடித்தாள். விடவேயில்லை. அவன் வலியில் துடித்து, முழங்காலால் அவள் வயிற்றில் இடித்தான். அவள் மடிந்து மணலில் விழுந்த பிறகும் இடுப்பில் உதைத்தான். நான் வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை. அன்று கையில் கிடைத்த கல்லை எடுத்து அவன் காதடியில் போட்டேன். அவன் சரிந்தான். எனக்கு ஒரு நிமிடம் சந்தோசமாகவே இருந்தது, அதை மறைத்துப் பிரயோசனமில்லை. அதற்குள் இன்னொருவன் மண்வெட்டியின் தட்டையான பக்கத்தால் என் வலது கையில் இறக்கினான். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த என் முகத்தை மணலுக்குள் காலால் அமுக்கினான். வாய், மூக்கு எல்லாம் மணல். அந்த மணல் எந்த ஊர் மணல் என்று அப்போதும் எனக்குத் தோன்றியது, இத்தனை வருடம் இவளோடு குடித்தனம் நடத்திய பலன்.

"போதும், வயசான ஆக்கள்" என்றான் றேமண்ட், சோடாவைக் குடித்துக்கொண்டே. எங்களை வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். போனை உடைத்துப் பின்னால் எறிந்தார்கள்.

முச்சக்கர வண்டிக்காரர் பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். அனுஷியா களுபோவிலவுக்கு விடச் சொன்னாள். பழக்கதோஷம். போகிற வழியெல்லாம் கையைத் தூக்கிப் பிடித்தபடி நான் சொன்னேன்: "அனு, நாங்கள் பேர் சொல்ல முதலே அவன் சொன்னான். கவனிச்சீரா?"

"உண்மையெண்ட படியாத்தான் உடன சொன்னவன்" என்றாள்.

எனக்குக் கை முழுக்கக் கட்டு, அவளுக்குப் புருவத்தில் தையல். பொலிஸில் நாங்கள் சொன்னதை எழுதிக்கொண்டு, நாங்கள் அத்துமீறிப் போனதையும் சேர்த்து எழுதினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அலுமாரியைத் திறந்தாள். பழைய குழிகளின் படங்களை எடுத்து, அதில் புஷ்பராஜ் நிற்கிறவற்றை மட்டும் பிரித்துக் கவிழ்த்து வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. அவன் எங்கள் வீட்டில் உறிஞ்சிக் குடித்த சூப் என் கையால் காய்ச்சியது. ஆனாலும் சாட்சி அவள் பக்கம் இருந்தது. என்னிடம் இருந்தது வெறும் சந்தேகம்.

கட்டி காய்ந்தது. அந்தப் பின்னேரம் களிமண்ணில் வெடிப்பு விழுந்திருப்பதைக் கண்டு, அவள் சுளகை மேசைக்குக் கொண்டுவந்தாள். மூங்கில் குச்சியால் மெதுவாகத் தட்ட, ஓடு ஓடாக மண் உரிந்தது. வேலை செய்யும்போது அவள் முகம் அமைதியாகிவிடும். நான் எதிரே இருந்து இடதுகையால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

பிரஷை மேசையில் வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டாள். பிறகு சுளகை என் பக்கம் தள்ளினாள்.

தாடையின் வளைவில் ஒரு சின்ன உலோகத் தகடு. அதில் நான்கு ஆணிகள். அந்தத் தகட்டை நான் எங்கள் யன்னல் வெளிச்சத்தில், எக்ஸ்ரே படத்தில் பார்த்திருக்கிறேன். துளிகூடத் துருப்பிடிக்கவில்லை.

நான் தேநீர்க் கோப்பையைச் சுளகிலிருந்து தூர வைத்தேன்.  

"குத்திக்கு மேல கிடந்திருக்கு" என்றாள். "வலையில ஒட்டியிருந்தது மேல்பக்கம். கீழ இல்லை. நான் பாக்கேல்லை." பிறகு அந்தத் தேய்ந்த பற்களை விரலால் தொட்டாள். "வெத்திலைப் பல்லு. எத்தினை தரம் சொன்னனான், வெத்திலையை விடச் சொல்லி."

படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிற விதி அது. என் தலையிடி நாளில் எனக்கே சொன்னது. நாணயத்துக்கு மேலே இருப்பதெல்லாம் பிந்தியது. கோபத்தில் அவளுக்கு அது மறந்துபோனது. பழைய எலும்புகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நேற்று இருந்த மனிதனின் தாடையும் பழசாகவே தெரிந்தது. ஒரு கிழமை முழுதும் அவன் எங்கள் பல்கனியில் கிடந்தான், நாங்கள் உள்ளே இருந்துகொண்டு அவனைக் கள்ளன் என்றோம்.

அனுஷியா தன் முகத்தில் தானே அடித்தாள். முதலில் கன்னத்தில், பிறகு தையல் போட்ட புருவத்தில், முட்டியை மடக்கி, திரும்பத் திரும்ப. தையல் பிரிந்து இரத்தம் மேசையில் சொட்டியது. ஒற்றைக் கையால் நான் அவளைப் பிடிக்கப் பார்த்தேன், உதறிவிட்டுக் கீழே ஓடினாள். பக்கத்துக் கட்டிடத்தில் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்து, அந்த மணலில் பூசிய புதுச் சுவரை இடிக்கத் தொடங்கினாள். பூச்சு துண்டு துண்டாக விழுந்தது. ஒவ்வொரு துண்டையும் கையால் நொறுக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஓங்கினாள். வேலையாட்கள் அவளைப் பிடிக்க வந்தார்கள். நான் ஸாலிஹிடம் விசயத்தைச் சொன்னேன்.

"இன்னா லில்லாஹி" என்றார் அவர். போய்க் கலவை மெஷினை நிறுத்தினார். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். பிறகு தானே தார்ப்பாயை இழுத்து மணல் குவியலை மூடி, சுற்றிவரக் கல் வைத்தார். அனுஷியா இடித்து முடியும்வரை யாரும் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொண்டார்.

பிறகு நடந்தவை பேப்பரிலும் வந்தன. தாடையைக் கொண்டுபோய் வைத்ததும் பொலிஸுக்கு வேகம் வந்தது. யாட்டில் பிடிபட்டவர்களில் ஒருவன் வாய் திறந்தான். மாரிக்கு முன் அவர்கள் மணல் அள்ளும் மெஷினைக் கொண்டுபோன நாள், புஷ்பராஜ் கரையில் அதன் முன்னால் நின்றிருக்கிறான். விலகச் சொல்லி விலகவில்லை. மெஷினின் இரும்புக் கையை அவன் மேல் வீசியிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் இறுகிய தரை, அனுஷியா தோண்டி மூடிய குழி மட்டும் மண் இளகிக் கிடந்தது. அதைக் கிளறி, நீல வலை தெரியுமட்டும் தோண்டி, அவனைப் போட்டு மூடினார்கள். சைக்கிளை ஆற்றில் புதைத்தார்கள். இந்த வருடம் புதிதாக வந்த மெஷின்காரனுக்கு அது தெரியாது. அவன் இளகிய மண்ணைக் கண்டு அள்ளி லொறியில் ஏற்றினான். றேமண்ட் விளக்கமறியலில் இருக்கிறான். அவன் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

நாகமணியிடம் யார் போய்ச் சொல்வது என்று பொலிஸ்காரர் கேட்டார். அனுஷியா தானே போனாள். நான் வாசலில் நின்றேன். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அனுஷியா சொன்னதை எல்லாம் நாகமணி நின்றபடியே கேட்டாள். சொல்லி முடிந்ததும் அனுஷியா கீழே கிடந்த உரலை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"அடியும். பிழை எனக்கு."

நாகமணி உரலை வாங்கி ஓரமாக வைத்தாள். "அப்ப அவரு காட்டிக் குடுக்கல."

"இல்லை. மறிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறான்."

"அத இந்த லைன்ல எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க மேடம். அன்னிக்குத் திருடன்னு நீங்க சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு."

அனுஷியா வாசலுக்கு வந்து நின்று சொன்னாள். ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய், பெயர் சொல்லி, நடந்ததைச் சொன்னாள். கடைசி வீட்டையும் விடவில்லை. நாகமணி அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு எங்களோடு வண்டியில் ஏறினாள்.

மணல் குவியலை அரிக்க நீதிமன்றம் அனுமதி தந்தது. சட்ட வைத்தியர் ஒருவர், இரண்டு பொலிஸ்காரர், நடுவில் அனுஷியா. மேசன் பாஸின் கம்பிவலை பெரிய கண் என்று சொல்லி, அவள் தன்னுடைய சின்னக் கண் வலையைக் கொண்டுவந்தாள். அதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். என் கை இன்னும் கட்டுப்போட்டபடி இருந்தது. மற்றப் பக்கத்தை நாகமணி பிடித்தாள். பொலிஸ்காரர் ஏதோ சொல்லப் போனார், ஸாலிஹ் அவர் தோளைத் தொட்டார்.

இரண்டு பெண்களும் வலையை ஆட்டினார்கள். மணல் விழுந்து மிச்சம் தங்கியது. பானை ஓடு, சிப்பி, எலும்புத் துண்டு. நாகமணி ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டினாள்.

"இது புதுசா மேடம்?"

"பழசு. நெடுங்காலத்துக்கு முந்தி."

"இது?"

"இதுவும் பழசு."

வெயில் ஏறியது. ஒழுங்கை ஆட்கள் மாடிகளில் நின்று பார்த்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், இருவரும் தொடவில்லை. நாகமணி மறுபடியும் ஒன்றை எடுத்தாள். விரல் எலும்பு, ஒரு சின்னத் துண்டு.

"இது?"

அனுஷியா அதை வாங்கவில்லை. அவள் கையில் வைத்தே குனிந்து, இந்த முறை நெடுநேரம் பார்த்தாள்.

"புதுசு" என்றாள்.

நாகமணி முந்தானையை விரித்து அதில் வைத்தாள். பொலிஸ்காரர் பையோடு எழும்பினார். அனுஷியா கையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னாள். அவர் இருந்தார். எலும்பு கொஞ்ச நேரம் அந்தச் சேலையில் இருந்தது.